பத்து வயது தாண்டிய குடும்பக் கார்: எதை, எப்போது, எந்த வரிசையில், எவ்வளவு செலவில் பார்ப்பது

நான் ஓட்டுவது 2011 மாருதி வேகன் ஆர். பெட்ரோல், 998 சி.சி., கே10பி என்ஜின். 2016-ல் 48,000 கிலோமீட்டரில் வாங்கினேன், இப்போது 1,20,000 தாண்டிவிட்டது. சென்னைக்குள் அலுவலகம், அவ்வப்போது ஊர், வருடத்துக்கு ஒரு மலைப் பயணம் என்று வருடத்துக்குச் சுமார் 8,000 கிலோமீட்டர் ஓடுகிறது.

இந்த ஒன்பது வருடத்தில் மச்சான், சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆறேழு பேருடைய பழைய வண்டிகளைச் சரிசெய்யும்போது கூட நின்றிருக்கிறேன். எல்லாரும் தடுமாறுவது வரிசையில்தான். வண்டி வீட்டுக்கு வந்ததும் முதலில் சீட் கவர், அடுத்து பாலிஷ், அடுத்து ஏ.சி. கேஸ். பிரேக் ஆயிலைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. அதனால் இந்த வழிகாட்டியை நான் செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

தொகைகள் எல்லாம் 2025-ல் புறநகர்ப் பட்டறையில் நான் கொடுத்தவை, சின்னப் பெட்ரோல் காருக்கானவை. உங்கள் ஊரிலும் உங்கள் மாடலிலும் கொஞ்சம் ஏறி இறங்கும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை ஓனர்ஸ் மேனுவல். பழைய வண்டியோடு அது வருவது அபூர்வம். உங்கள் மாடலுக்கும் வருடத்துக்கும் உரிய பிரதியைத் தேடி போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிலின் தரம், அளவு, பிளக் எண், ஃபியூஸ் வரைபடம் எல்லாம் அதில் இருக்கும். பட்டறையில் வாக்குவாதம் வந்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவதே போதும்.

அடுத்தது ஒரு நோட்டு. தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றினோம், எந்தப் பிராண்டு, எவ்வளவு ஆனது என்று ஐந்து கட்டம் போதும். செயலியில் எழுதலாம்தான். நோட்டு வண்டிக்குள்ளேயே கிடப்பதால் மெக்கானிக்கும் புரட்டிப் பார்க்கிறார், அதுதான் எனக்குப் பிடித்தது.

கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். டயர் காற்றளவு பார்க்கும் கேஜ், சின்ன மல்டிமீட்டர், டார்ச், கையுறை, பழைய துணி, பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்த ஒரு அட்டை. எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே. அதை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. கீழே போக வேண்டிய வேலை எதுவானாலும் லிஃப்ட் அல்லது குழி உள்ள பட்டறையில் செய்யுங்கள்.

2. முதலில் வண்டியின் இன்றைய நிலையைப் பிடியுங்கள்

பழைய உரிமையாளர் "போன மாசம்தான் சர்வீஸ் பண்ணேன்" என்று சொல்வார். பில் இல்லாவிட்டால் அந்த வேலை நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதே எண்ணத்தில் எல்லாத் திரவங்களையும் ஃபில்டர்களையும் ஒரு தடவை மாற்றிவிட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் அந்தத் தேதியை எழுதுங்கள். அடுத்த இடைவெளிகள் எல்லாம் அங்கிருந்துதான் எண்ணப்படும். இது தெரியாமல் கிலோமீட்டர் பார்ப்பதில் அர்த்தமில்லை.

அதற்கு முன் ஒரு ராத்திரிச் சோதனை. பிரித்த அட்டையை என்ஜினுக்கு அடியில் விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் அட்டையில் கறுப்புத் துளி இருந்தால் என்ஜின் ஆயில். பச்சை, நீலம், சிவப்பு என்று நிறத்தோடு கொஞ்சம் இனிப்பு வாசனை வந்தால் கூலன்ட். மஞ்சளாக, கெட்டியாக, ஒருவித நாற்றத்தோடு இருந்தால் கியர் ஆயில். சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம், அப்படியானால் வண்டியை எடுக்க வேண்டாம். வெறும் தண்ணீர் என்றால் ஏ.சி.யிலிருந்து வந்தது, கவலையில்லை. கசிவு எங்கே என்று தெரிந்த பிறகு ஆயில் வாங்கினால்தான் காசு வீணாகாது.

என்ஜினுக்குள் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டையும் இப்போதே விசாரித்துவிடுங்கள். கே10பி என்ஜினில் செயின்தான், குறித்த கிலோமீட்டரில் மாற்ற வேண்டியதில்லை. பழைய சான்ட்ரோ, டீசல் இண்டிகா போன்ற வண்டிகளில் இருப்பது ரப்பர் பெல்ட். ஓடும்போது அது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி என்ஜினையே பிரிக்க வேண்டி வரலாம். பெல்ட் வண்டி வாங்கியவர், மாற்றியதற்குச் சான்று இல்லையென்றால், மற்ற எதற்கும் முன் அதைத்தான் மாற்ற வேண்டும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள், அதைப் பிறகு மாற்றினால் அதே கூலியை இன்னொரு தடவை கொடுக்க வேண்டும்.

3. கிலோமீட்டரோடு தேதியையும் எண்ணுங்கள்

சித்தப்பாவின் வண்டி வருடத்துக்கு 2,500 கிலோமீட்டர்தான் ஓடும். "பத்தாயிரம் ஓடட்டும், ஆயில் மாத்தலாம்" என்று நான்கு வருடம் காத்திருந்தார். கழற்றும்போது ஆயில் தாராகக் கெட்டியாகி, போல்ட் துளையிலிருந்து நூல் நூலாக இறங்கியதை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கோயிலுக்கும் கடைக்கும் இரண்டு கிலோமீட்டர் போய் நிற்கும் வண்டியில் என்ஜின் முழுதாகச் சூடாவதே இல்லை. உள்ளே படியும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். குறைவாக ஓடும் வண்டிக்குத்தான் தேதி அதிகம் முக்கியம். மேனுவலில் "கிலோமீட்டர் அல்லது மாதம், எது முந்துகிறதோ" என்று இருப்பதில் பின்பாதியை யாரும் படிப்பதில்லை.

நான் வருடத்தில் இரண்டு தேதிகளை வைத்துக்கொள்கிறேன். மார்ச், வெயிலுக்கு முன்: கூலன்ட், ரேடியேட்டர், ஃபேன் பெல்ட், ஏ.சி. செப்டம்பர், வடகிழக்குப் பருவமழைக்கு முன்: என்ஜின் ஆயில், பிரேக், டயர், வைப்பர், பேட்டரி, விளக்குகள். இப்படிப் பிரித்தால் செலவும் இரண்டாகப் பிரிகிறது.

4. என்ஜின் ஆயில்: வருடத்துக்கு ஒரு முறை, அல்லது 10,000 கிலோமீட்டர்

என் வண்டிக்கு 5டபிள்யூ-30. ஃபில்டரோடு மாற்றும்போது மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே பிடிக்கும். ஆயில் 1,300, ஃபில்டர் 120, வாஷர் 20, கூலி 500, ஆக மொத்தம் 1,940 ரூபாய்.

வரிசை இதுதான். பத்து நிமிடம் ஓட்டி ஆயிலை வெதுவெதுப்பாக்குங்கள், அப்போதுதான் அடியில் படிந்த அழுக்கும் சேர்ந்து வெளியேறும். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். மேலே ஆயில் மூடியைத் திறந்துவிட்டு, கீழே டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். சொட்டுச் சொட்டாக வரும்வரை பொறுங்கள். அவசரப்படும் பட்டறையில் பழைய ஆயில் கால் லிட்டர் உள்ளேயே தங்கிவிடும்.

பிறகு ஃபில்டர். புதியதை மாட்டும் முன் அதன் ரப்பர் வளையத்தில் ஒரு விரல் நல்ல ஆயில் தடவ வேண்டும். பழைய ஃபில்டரின் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால், வண்டியைக் கிளப்பியதும் ஆயில் பீய்ச்சி அடிக்கும். ஃபில்டரைக் கையால் இறுக்கினால் போதும்.

டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடச் சொல்லுங்கள். பழையது ஏற்கெனவே நசுங்கியிருக்கும், கசிவை நிறுத்தாது. கசிகிறதே என்று போல்ட்டை மேலும் முறுக்குவார்கள், அதில் சம்ப்பின் (என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) மரை போய்விடும். இருபது ரூபாய் வாஷரை மிச்சம் பிடித்ததில் சம்ப்பையே மாற்ற நேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஊற்றும்போது இரண்டரை லிட்டரில் நிறுத்தி, கிளப்பி ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். மேல் புள்ளிக்கும் கீழ் புள்ளிக்கும் நடுவில், மேல் புள்ளிக்குச் சற்றுக் கீழே இருப்பது நல்ல அளவு. "கொஞ்சம் கூடினா நல்லதுதானே சார்" என்பார்கள். கூடினால் உள்ளே சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரை எதையும் வழவழப்பாக்காது.

லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டி ஆயிலைக் கொஞ்சம் குடிக்கும். இது பயப்பட வேண்டிய செய்தியில்லை, அளந்து வைக்க வேண்டிய செய்தி. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை காலையில் டிப் ஸ்டிக் பார்த்து நோட்டில் எழுதுங்கள். அரை லிட்டர் எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை ஊற்றுகிறீர்கள் என்பது தெரிந்தால், அந்த எண் திடீரென்று மாறும் நாளில் மெக்கானிக்கிடம் போகலாம்.

என்ஜின் ஃபிளஷ் என்று 400 ரூபாய்க்கு ஒரு டப்பா ஊற்றச் சொல்வார்கள். பராமரிப்பு வரலாறு தெரியாத பழைய என்ஜினில் நான் அதை அனுமதிப்பதில்லை. உள்ளே ஒட்டியிருக்கும் கசடு ஒரேயடியாகப் பெயர்ந்து ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கக்கூடும். அதற்குப் பதில் முதல் ஆயிலை 3,000 கிலோமீட்டரிலேயே மாற்றுங்கள், மெதுவாகக் கழுவிக்கொடுக்கும். வீட்டில் மாற்றுகிறவர்கள் பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம், கேனில் ஊற்றிப் பட்டறையில் கொடுங்கள்.

5. கூலன்ட்: மூன்று வருடத்துக்கு ஒரு முறை

தமிழ்நாட்டு வெயிலில் பழைய காரைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். மச்சானின் வண்டி ஏப்ரல் மாதம் விழுப்புரம் தாண்டி ஹீட் ஏறி நின்றது. ஆறவிட்டு ரேடியேட்டரைத் திறந்தபோது உள்ளே கூலன்ட்டே இல்லை, நீர்த்த டீயைப் போலத் துருத் தண்ணீர். இரண்டு வருடமாகப் பட்டறையில் போர் தண்ணீரையே நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சூடானதும் திறந்து கூலன்ட்டை ஓடவிட வேண்டிய தெர்மோஸ்டாட் துருப்பிடித்து மூடிய நிலையிலேயே இறுகிக்கிடந்தது. என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் வரை போய், பதினெட்டாயிரம் ரூபாய் ஆனது. கூலன்ட் மாற்ற ஆகியிருக்கக்கூடியது 900 ரூபாய்.

போர் தண்ணீரில் இருக்கும் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். கலக்க வேண்டிய வகை கூலன்ட்டாக இருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே சேர்க்க வேண்டும், விகிதம் டப்பாவில் இருக்கும். கலந்தே வரும் வகையில் எதுவும் சேர்க்கக் கூடாது.

என்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் தொட்டு, சூடில்லை என்று தெரிந்த பிறகு திறங்கள்.

வடித்த பிறகு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் ஒரு தடவை சுற்றும்வரை ஓடவிட்டு, ஆறவைத்து மறுபடி வடியுங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை இப்படி. ஹீட்டரைத் திறக்காவிட்டால் அந்தப் பக்கம் இருக்கும் அழுக்கு அப்படியே நிற்கும்.

புதியதை மெல்ல ஊற்றி, மூடியைத் திறந்தபடியே என்ஜினை ஓடவிட்டு, குமிழ் வருவது நிற்கும்வரை நிரப்புங்கள். காற்று உள்ளே சிக்கினால் டாஷ்போர்டில் சூட்டு முள் சரியாகவே காட்டலாம், ஆனால் என்ஜினின் ஒரு மூலை மட்டும் கொதிக்கும். மறுநாள் காலையில் ரிசர்வ் டப்பாவின் அளவு பெரும்பாலும் இறங்கியிருக்கும். அதை நிரப்பினால்தான் வேலை முடிந்தது. பெரும்பாலானவர்கள் விடுவது இந்த மறுநாள் வேலையைத்தான்.

பச்சையும் நீலமும் கலக்காதீர்கள். நிறத்தை விட வகைதான் முக்கியம், ஆனால் வகை தெரியாதபோது மொத்தமாக வடித்துவிடுவதே பாதுகாப்பு. சில சேர்க்கைகள் உள்ளே ஜெல்லியாக உறைந்துபோகும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால் 200, 250 ரூபாயில் புது மூடி போட்டுவிடுங்கள், அழுத்தம் நிற்காவிட்டால் கூலன்ட் சீக்கிரம் கொதிக்கும்.

6. பிரேக்: ஒவ்வொரு செப்டம்பரும் திறந்து பாருங்கள்

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானாக உறிஞ்சும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் இது இன்னும் வேகம். ஈரம் ஏறிய ஆயில் குறைந்த சூட்டிலேயே கொதித்து ஆவிக் குமிழ் விடும். திரவத்தை அமுக்க முடியாது, குமிழை அமுக்கலாம். பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது.

சமவெளியில் இது தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது தெரியும். அதனால் பிரேக் ஆயிலுக்குக் கிலோமீட்டர் கணக்கே கிடையாது: இரண்டு வருடம், அவ்வளவுதான். ஆயிலும் கூலியுமாக 500 ரூபாய். ஆயிலின் தரம் டாட் 3-ஆ, டாட் 4-ஆ என்பது வண்டியில் பிரேக் ஆயில் இருக்கும் டப்பாவின் மூடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

டப்பாவில் இருப்பதை ஊசியால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றினால் மாற்றியதாகாது. சூடு படுவது சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆயில். நான்கு சக்கரத்திலும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து பிளீட் செய்து (ஆயிலை வெளியேற்றி), பழுப்பு போய்த் தெளிந்த நிறம் வரும்வரை வடிக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் நிப்பிளைத் திறக்க, நடுவில் டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காலியானால் காற்று புகுந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், நிறத்தை அரித்துவிடும்.

முன் சக்கரத்தின் டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் பேடை, சக்கரத்தைக் கழற்றினால் பார்க்கலாம். உராயும் பகுதி மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றிவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஒரு பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பேடை அழுத்தும் காலிப்பர் நகரும் கம்பி (பின்) இறுகியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பின்னைச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸ் தடவாமல் புது பேட் போட்டால் அதுவும் ஆறு மாதத்தில் போய்விடும். பேட் கூலியோடு 1,500.

பின் சக்கரம் டிரம். திறந்தால்தான் தெரியும், அதனாலேயே யாரும் திறப்பதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை டிரம்மைக் கழற்றித் தூசியை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். காற்றடித்து ஊதினால் அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகும். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டர் கசிகிறது. டிரம்முக்குள் உராயும் பட்டையான லைனர் 1,400 வரை ஆகும்.

வேலை முடிந்ததும் வண்டியைக் கிளப்பும் முன் பெடலை நான்கைந்து தடவை மிதித்துக் கெட்டியாக்குங்கள். புது பேட் போட்டதும் முதல் மிதியில் பிரேக் இருக்காது. பட்டறை வாசலிலேயே முட்டியவர்கள் உண்டு.

7. டயர்

காற்றளவு எவ்வளவு என்று ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது, மாதம் இரண்டு தடவை. ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள். தேவைப்படும் நாளில் காற்றில்லாமல் கிடப்பது அதுதான்.

பழைய காரில் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டியிருந்து, பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்பு தெரிந்தால், பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் நான் மாற்றிவிடுவேன். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியே ஓட்டக் கூடாது. மழையில் பிடிக்க வேண்டுமென்றால் அதற்கு முன்பே மாற்றுங்கள்.

நான்கு டயர் 13,600. அலைன்மென்ட்டும் பேலன்ஸிங்கும் 800. சஸ்பென்ஷன் வேலை இருந்தால் அதை முடித்த பிறகுதான் அலைன்மென்ட். வரிசை மாறினால் 800 ரூபாயை இரண்டு தடவை கொடுப்பீர்கள்.

8. பேட்டரி

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் நல்ல நிலை. 12.2-க்குக் கீழே என்றால் பாதிதான் சார்ஜ். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் குற்றம் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ இருக்கிறது. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் புது பேட்டரிக்கு 4,000 கொடுத்துவிட்டு, ஒரே வாரத்தில் மறுபடி தள்ளிக் கிளப்பியவர்களைத் தெரியும்.

முனைகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் சூடுதண்ணீர் விட்டுக் கழுவி, காய்ந்ததும் வாசலின் தடவுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். ஸ்பானர் தெரியாமல் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது.

9. காற்று, தீப்பொறி, பெட்ரோல்

ஏர் ஃபில்டர் 250 ரூபாய். மூடியின் கிளிப்பைத் திறந்தால் கையில் வந்துவிடும், நீங்களே மாற்றலாம். இரண்டு வருடம் அல்லது 20,000 கிலோமீட்டர். கட்டட வேலை நடக்கும் ஏரியா என்றால் அதற்கும் முன்பே.

தீப்பொறி தரும் பிளக் சாதாரண நிக்கல் வகை என்றால் 30,000-லிருந்து 40,000 கிலோமீட்டர். மூன்று பிளக் 400 ரூபாய். ஆறிய என்ஜினில் மட்டும் கழற்றுங்கள், சூட்டில் அலுமினிய ஹெட்டின் மரை சேர்ந்து வந்துவிடும். புதியதை முதலில் கையாலேயே சுற்றி உள்ளே இறக்க வேண்டும். நின்றபடி இருக்கும்போது என்ஜின் சத்தம் ஏறி இறங்கினால் பிளக்குக்கு முன், என்ஜினுக்குள் காற்றை விடும் திராட்டில் பாடியைத் துடைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023-க்கு முந்தைய பெரும்பாலான வண்டிகளின் ரப்பர் குழாய்கள் அந்த அளவு எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. வருடத்துக்கு இரண்டு தடவை பெட்ரோல் ஹோஸ்களை விரலால் அமுக்கிப் பாருங்கள். வெடிப்போ, உப்பலோ, ஒட்டும் பிசுக்கோ, பெட்ரோல் வாசனையோ இருந்தால் உடனே மாற்றுங்கள். ஹோஸ் சில நூறு ரூபாய்தான், ஆனால் சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் வண்டியே எரியும்.

10. கியர், கிளட்ச், சஸ்பென்ஷன்

கியர் ஆயில் 40,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, 1,000 ரூபாய். வடிப்பதற்கு முன் நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கீழ் போல்ட்டைக் கழற்றி எல்லாவற்றையும் வடித்துவிட்டு, மேல் போல்ட் துருவில் இறுகியிருக்கிறது என்று தெரிந்தால் வண்டி அங்கேயே நிற்கும்.

கிளட்ச் எப்போது போகும் என்பது ஓட்டுபவரின் காலைப் பொறுத்தது. நாலாவது கியரில் மேடேறும்போது சத்தம் கூடி வேகம் கூடாவிட்டால் வழுக்குகிறது என்று பொருள். செட்டும் கூலியும் 6,500. கேபிள் வகையாக இருந்தால் முதலில் கேபிளைச் சரிசெய்து பாருங்கள்.

சஸ்பென்ஷனில் சத்தம் வந்தால் மொத்தமாக மாற்றச் சொல்லிப் பட்டியல் நீளும். மெக்கானிக்கை உடன் உட்கார வைத்து ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றி இறக்குங்கள். சின்ன மேட்டில் "டக் டக்" என்றால் பெரும்பாலும் லிங்க் ராடு என்ற இணைப்புக் கம்பி அல்லது புஷ் என்ற ரப்பர் வளையம். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது மடமடவென்று வந்தால் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் தண்டின் ஜாயின்ட். எது என்று கையால் ஆட்டிக் காட்டச் சொல்லிவிட்டு அதை மட்டும் மாற்றுங்கள்.

11. ஏ.சி., துரு, எலி

ஏ.சி. கேஸ் தானாகத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. குறைந்தால் எங்கேயோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் வருடாவருடம் நிரப்புவது வீண்செலவு. மார்ச்சில், ரேடியேட்டருக்கு முன் இருக்கும் ஏ.சி. கண்டென்சரின் முன்பக்கத் தூசியை மெதுவான தண்ணீரில் கழுவிவிடுங்கள், குளிர்ச்சி கூடுவது அன்றைக்கே தெரியும்.

கதவுகளின் அடிவிளிம்பில் சின்னத் துளைகள் இருக்கும், மழைத் தண்ணீர் வடிய. வைப்பருக்குக் கீழே வேப்பிலைச் சருகு சேரும். செப்டம்பரில் இரண்டையும் சுத்தம் செய்யாவிட்டால் தண்ணீர் உள்ளே நின்று தரை துருப்பிடிக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் சீட் வரை தண்ணீர். சாவியைத் தொடாமல் பேட்டரியைக் கழற்றிவிட்டு இழுவை வண்டியில் பட்டறைக்கு அனுப்பினார், என்ஜின் பிழைத்தது. தண்ணீர் புகுந்த என்ஜினை ஒரு தடவை கிளப்பிப் பார்த்தாலே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும்.

நிறுத்தியே வைக்கும் வண்டியில் எலி வயர் கடிக்கும். வாரத்துக்கு ஒரு தடவை பானட்டைத் திறந்து பாருங்கள், வண்டிக்குள் தின்பண்டம் வைக்காதீர்கள்.

12. பட்டறையில் எப்படிப் பேசுவது

"ஜெனரல் சர்வீஸ் பண்ணுங்க" என்று சொல்லி விடாதீர்கள். அந்தச் சொல்லுக்கு ஒவ்வொரு பட்டறையிலும் ஒரு அர்த்தம். செய்ய வேண்டியதைத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்து, வேறு எது பார்த்தாலும் கேட்டுவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

"அண்ணே, கழட்டுற பார்ட்டை எல்லாம் ஒரு கவர்ல போட்டுக் குடுங்க" என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லுங்கள். இதில் சந்தேகத் தொனி வேண்டாம், நல்ல மெக்கானிக் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். பழைய பேட் எப்படித் தேய்ந்திருக்கிறது, பிளக் முனை என்ன நிறம் என்பதிலிருந்து வண்டியைப் பற்றி நீங்கள் கற்றுக்கொள்வது நிறைய.

ஸ்பேர்ஸை நீங்களே வாங்கலாம். சென்னையில் ஜி.பி. ரோட்டில் எல்லா மாடலுக்கும் கிடைக்கும். பிரேக், ஃபில்டர், பெல்ட் மூன்றிலும் கம்பெனி பார்ட் அல்லது பெயர் பெற்ற தயாரிப்பு மட்டுமே வாங்குங்கள். கதவுக் கைப்பிடி, கண்ணாடி போன்றவற்றைப் புதுப்பேட்டையில் பழையதாகவே வாங்கலாம். பில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், பழைய 28-ஐ இன்னும் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

13. வருடக் கணக்கு

ஒவ்வொரு பொருளின் விலையையும் அது உழைக்கும் வருடங்களால் வகுத்துப் பார்த்தேன். ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ஃபில்டர், பிளக், கியர் ஆயில் சேர்த்து வருடத்துக்கு 2,915. பேடும் லைனரும் 610. டயர் ஐந்து வருடம் என்று வைத்து, அலைன்மென்ட்டோடு 3,520. பேட்டரி 1,000. கிளட்ச் எட்டு வருடத்துக்கு ஒன்று என்றால் 810. வைப்பர் 400. சஸ்பென்ஷனுக்கென்று ஒதுக்குவது 2,500. மொத்தம் 11,755 ரூபாய். கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு.

நான் மாதம் 1,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டுவிடுகிறேன். சில வருடம் 4,000-தான் செலவாகும், டயர் மாற்றும் வருடம் 20,000 தாண்டும். சேமித்து வைக்காதவர்கள் அந்த வருடத்தில்தான் "இந்த வண்டி காசைத் தின்னுது" என்று நஷ்டத்துக்கு விற்கிறார்கள். இன்சூரன்ஸும் பெட்ரோலும் இதில் சேரவில்லை.

14. பதினைந்தாவது வருடம் வரும்போது

சொந்த உபயோகக் காரின் பதிவுச் சான்று (ஆர்.சி.) பதினைந்து வருடத்துக்குத்தான். அதன்பின் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்து படிவம் 25-ல் விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாயானது, தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. கட்டும் முன் அரசின் பரிவாகன் இணையதளத்தில் அன்றைய தொகையைப் பாருங்கள். புகைச் சான்று, பி.எஸ். 4 என்ற புகை அளவு விதிப்படி செய்த காருக்கு ஒரு வருடம், அதற்கு முந்தைய வண்டிக்கு ஆறு மாதம்.

என் வண்டிக்கு 2026-ல் முறை வருகிறது. ஆய்வுக்குப் போகும் முன் பிரேக், டயர், ஹேண்ட் பிரேக், ஹார்ன், எல்லா விளக்குகளும் சரியாக இருக்க வேண்டும். சேஸிஸ் எண்ணை ஆய்வாளர் சரிபார்ப்பார். அந்த இடத்தில் பத்து வருடத் தூசியும் கிரீஸும் மூடியிருக்கும். முந்தின நாளே மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்து, ஒவ்வொரு இலக்கமும் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். துருவை எடுக்கிறேன் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, எண் அழிந்தால் திருத்தியதாகச் சந்தேகம் வரும்.